மின்பணிப் பழகுநராகச் சேர இரண்டு அழைப்புகள்: எதை ஏற்பது?

தொடக்கப்புள்ளி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 23 வயது ஆகிறது. பள்ளிப் படிப்பை முடித்ததிலிருந்து ஒரு சரக்குக் கிடங்கில் வரவு, இருப்புக் கணக்கு எழுதி வருகிறேன். கையால் ஒன்றைச் செய்து, அது இயங்குவதைக் கண்ணால் காணும் தொழிலுக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் இரண்டு ஆண்டுகளாகவே இருந்தது. இப்போதுதான் துணிந்து மின்பணிப் பழகுநர் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்துள்ளது.

முதலாவது, மூன்றே மின்பணியாளர்கள் உள்ள சிறிய நிறுவனம். வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் வயரிங் செய்கிறார்கள், பழுதும் பார்க்கிறார்கள். இரண்டாவது, தொழிற்சாலைகளுக்கான கட்டுப்பாட்டுப் பேனல்களைச் செய்து தரும் பெரிய நிறுவனம். அங்கே உதவித்தொகை கூடுதல். தனிப் பயிற்சிக்கூடமும் உண்டு. இரண்டுமே நான்காண்டுப் பயிற்சி, வாரத்தில் ஒரு நாள் வகுப்பு. எதை ஏற்பது என்று முடிவெடுக்க முடியவில்லை. 23 வயதில் தொடங்குவது தாமதமா என்பதும், பள்ளியில் கணிதத்தில் நடுத்தரமாக இருந்தது பின்னால் தடையாகுமா என்பதும் என் மற்ற இரண்டு கவலைகள்.

பழைய மெகர் எழுதியது:

வயதைப் பற்றிய கவலையை விட்டுவிடுங்கள். என்னிடம் பழகியவர்களுள் மிகத் தேர்ந்த பணியாளராக உருவானவர் 31 வயதில் வந்து சேர்ந்தவர். ஏற்கெனவே ஒரு வேலையில் இருந்தவர் என்பதால், சொன்ன நேரத்துக்கு வருவதையும் செய்ததை எழுதி வைப்பதையும் நான் அவருக்குக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. உங்களுடையது கணக்கு எழுதிப் பழகிய கை. அது இந்தத் தொழிலில் வீண்போகாது.

நிறுவனம் சிறியதா பெரியதா என்று எடைபோடுவதற்கு முன், இரண்டு இடங்களிலும் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வாருங்கள்: செய்து முடித்த வேலையைச் சோதித்துக் கையெழுத்திடுபவர் யார், அந்தச் சோதனையில் பழகுநர் எந்த ஆண்டிலிருந்து கைவைக்கலாம்? நான்கு ஆண்டுகளையும் பைப் பதித்து, கேபிள் இழுத்து, பெட்டி பொருத்தியே கழித்துவிட்டு, கம்பிக் காப்பின் தடையை அளக்கும் மெகரை ஒருமுறைகூடக் கையில் பிடிக்காமல் சான்றிதழோடு வெளியே வந்தவர்களை நேர்காணல்களில் பார்த்த பிறகுதான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். புதிதாக இழுத்த ஒரு சுற்றுக்கு மின்சாரம் கொடுக்கும் முன் என்ன செய்வீர்கள் என்று அவர்களைக் கேட்டால், சுவிட்சைப் போட்டு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பேன் என்பார்கள்.

விளக்கு எரிவதால் எதுவும் நிரூபணமாவதில்லை. எர்த் கம்பி நடுவில் அறுந்திருந்தாலும் விளக்கு எரியும். சுவிட்சைப் பேஸில் வைக்காமல் நியூட்ரலில் வைத்திருந்தாலும் எரியும். அணைத்த பிறகும் ஹோல்டரில் மின்னழுத்தம் நின்றுகொண்டிருக்கும், அதைப் பின்னொரு நாள் பல்பு மாற்ற வருபவர் தம் விரலால் கண்டுபிடிப்பார். காப்பு கிழிந்து சுவருக்குள் கிடக்கும் கேபிளிலும் அன்றைக்கு விளக்கு எரியத்தான் செய்யும். ஆகவேதான் மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே எர்த்தின் தொடர்ச்சியையும் துருவம் சரியாக உள்ளதா, அதாவது பேஸும் நியூட்ரலும் இடம் மாறாமல் உள்ளனவா என்பதையும் பார்க்கிறோம். பிறகு 230 வோல்ட் சுற்றானால் 500 வோல்ட் நேர்மின்னழுத்தம் கொடுத்துக் காப்புத் தடையை அளக்கிறோம். பன்னாட்டு நெறிமுறைப்படி அது 1 மெகாஓமுக்குக் குறையக் கூடாது. புதிய கேபிளில் நூற்றுக்கணக்கான மெகாஓம் வர வேண்டும் என்பதால், 2 அல்லது 3 மட்டும் வந்தால், விதிப்படி அது தேறிவிட்டாலும், எனக்கு அன்றிரவு தூக்கம் வராது. மின்சாரம் கொடுத்த பின்னர், பேஸ் எர்த்தோடு மோதினால் மின்னோட்டம் அளவு மீறினால் சுற்றைத் தானே துண்டிக்கும் எம்.சி.பி. உடனே விழும் அளவுக்கு அந்தப் பாதையின் தடை குறைவாக உள்ளதா என்பதையும், மின்கசிவைக் கண்டு சுற்றைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. உரிய நேரத்துக்குள் விழுகிறதா என்பதையும் அளக்கிறோம். கேபிள் இழுக்கும் கைப்பழக்கம் ஆறு மாதத்தில் வந்துவிடும். இந்த எண்களைப் பார்த்தவுடன் இங்கே ஏதோ இடிக்கிறது என்று உணரும் பழக்கம், பக்கத்தில் ஒருவர் நின்று காட்டாமல் வராது.

பேனல் பக்கம் எழுதியது:

பழைய மெகர் ஐயா சொன்ன கேள்வியை நானும் ஏற்கிறேன். ஆனால், பேனல் நிறுவனத்தை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிடாதீர்கள். பேனல் மேசையில் கிடைக்கும் ஒழுங்கு வேறெங்கும் கிடைக்காது. ஒவ்வொரு வயரின் இரு முனைகளிலும் எண் வளையம் இருக்க வேண்டும். வரைபடத்தில் இல்லாத ஒரு வயர்கூடப் பெட்டிக்குள் இருக்கக் கூடாது. ஒவ்வொரு டெர்மினல் திருகையும் அதன் தயாரிப்பாளர் குறித்த முறுக்கு அளவுக்கு முடுக்க வேண்டும். முதல் ஆண்டிலேயே சுற்றுகளைத் தானாகத் திறந்து மூடும் காண்டாக்டர், ரிலே, டைமர் ஆகியவை வரைபடத்தில் எப்படிக் காணப்படும், பெட்டிக்குள் எப்படிக் காணப்படும் என்பது மனத்தில் பதிந்துவிடும். வீட்டு வயரிங்கில் மட்டும் பழகியவர் ஒரு மோட்டார் ஸ்டார்ட்டரின் கட்டுப்பாட்டுச் சுற்றைப் பார்த்துத் திகைத்து நிற்பதை நான் கண்டிருக்கிறேன்.

திருகு முடுக்குவதைப் பெரிதாகப் பேசுகிறேனே என்று தோன்றலாம். தளர்ந்த ஓர் இணைப்பில் வெறும் 0.1 ஓம் கூடுதல் தடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் வழியே 16 ஆம்பியர் ஓடினால், மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கி, 256 பெருக்கல் 0.1, அதாவது 25.6 வாட் வெப்பம் அந்த ஒரே திருகடியில் உண்டாகிறது. ஒரு சிறிய பற்றவைப்புக் கோலின் வெப்பம் அது. மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் மணிக்கணக்கில் எரிந்துகொண்டிருக்கும். எம்.சி.பி.க்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் மின்னோட்டம் ஒரு துளியும் கூடவில்லை. எங்கள் பயிற்சிக்கூடத்தில் கருகிய டெர்மினல்களை ஒரு பலகையில் வரிசையாக மாட்டி வைத்திருந்தார்கள். முதல் நாளில் அதைப் பார்த்தது இன்னமும் என் கையில் இருக்கிறது.

இந்தப் பக்கத்தின் குறையையும் மறைக்க விரும்பவில்லை. சில இடங்களில் பழகுநரை ஒரே வகைப் பேனலின் முன் உட்காரவைத்து ஆண்டுக்கணக்கில் ஒரே வேலையைச் செய்யவைப்பார்கள். தளத்துக்கு அனுப்பும் காலம் எத்தனை மாதம் என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் ஆண்டு எழுதியது:

நான் இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கும் பழகுநர். எங்கள் குழுவில் ஒரே பெண். மேலே எழுதிய இருவரும் தொழிலின் உச்சியிலிருந்து பேசுகிறார்கள். தரையிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் ஆறு மாதங்கள் சுவரில் காடி வெட்டினேன், குப்பை அள்ளினேன், ஏணி பிடித்தேன், சரியான திருகாணி எது என்று தேடி வண்டிக்கும் தளத்துக்கும் நடந்தேன். மூன்றாம் மாதத்தில் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன்: எந்தக் கேபிளை எங்கே வளைக்கிறார்கள், எந்தப் பெட்டிக்குள் எவ்வளவு நீளம் விட்டு வைக்கிறார்கள் என்பதெல்லாம் ஏணி பிடித்திருக்கும்போதே கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. ஆனால் இரண்டாம் ஆண்டிலும் ஏணியை மட்டுமே பிடிக்கச் சொன்னால் அது பயிற்சியாகாது. அப்போது வகுப்பு ஆசிரியரிடம் முறையிட வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன். அதன் பிறகே நிலைமை மாறியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டில் ஒரு கட்டடத்தின் மேல்தள விளக்குச் சுற்றை அணைத்து, எம்.சி.பி.க்குப் பூட்டுப் போட்டு, டெஸ்டரால் பேஸையும் நியூட்ரலையும் சோதித்து, மின்னழுத்தம் இல்லை என்று உறுதி செய்துகொண்டோம். அதன் பின் பெட்டிக்குள் இருந்த நியூட்ரல் இணைப்பை நான் பிரித்தபோது பொறி பறந்தது. பழைய வயரிங் செய்தவர் யாரோ, கீழ்த்தளச் சுற்றின் ஒரு விளக்குக்கு மேல்தள நியூட்ரலைக் கடன் வாங்கியிருந்தார். கீழ்த்தளத்து மின்னோட்டம் எங்கள் நியூட்ரல் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. நான் அதைப் பிரித்த கணத்தில், விளக்கின் பக்கம் இருந்த முனை முழு மின்னழுத்தத்துக்கு ஏறிவிட்டது. காப்பிட்ட கருவியைப் பிடித்திருந்ததால் தப்பினேன். அன்றிலிருந்து நியூட்ரலைப் பிரிக்கும் முன் கம்பியைப் பிரிக்காமலே அதைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை அதன்மேல் மாட்டி, மின்னோட்டம் ஓடுகிறதா என்று பார்க்காமல் தொடுவதில்லை. இது எங்கள் வகுப்புப் பாடத்திலும் இருந்தது. தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

தொடக்கப்புள்ளி எழுதியது:

மூவருக்கும் நன்றி. மூன்றாம் ஆண்டு அவர்கள் எழுதியதைப் படித்த பிறகு ஒரு கேள்வி எழுகிறது. மின்சாரத்தை நிறுத்தாமலே வேலை செய்யுமாறு மூத்த பணியாளர் சொன்னால், புதியவன் மறுக்க முடியுமா? கிடங்கில் மேலாளர் சொல்வதைச் செய்துதான் பழக்கம்.

பழைய மெகர் எழுதியது:

மறுக்கலாம், மறுக்க வேண்டும். மறுத்ததற்காக முகம் சுளிக்கும் இடமானால், அங்கே நான்காண்டு கழிப்பதில் பொருளில்லை. பணியிடத்தில் சிலர் எம்.சி.பி. இருக்கிறதே என்று சொல்லித் தைரியம் கொடுப்பார்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி. கேபிளைக் காப்பதற்காக வைக்கப்பட்டது. கையின் வழியே சுமார் 10 மில்லிஆம்பியர் ஓடினாலே தசைகள் இறுகிப் பிடித்ததை விடமுடியாமல் போகலாம். 30 மில்லிஆம்பியருக்கு மேல் சிறிது நேரம் ஓடினால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். 16 ஆம்பியர் என்பது 16,000 மில்லிஆம்பியர் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நிறுத்துவதிலும் ஒரு முறை உண்டு. சரியான சுற்றை அடையாளம் கண்டு, அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு இருமுனை டெஸ்டரை, மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓரிடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்து, உங்கள் சுற்றில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும், பேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சோதித்துவிட்டு, மறுபடியும் பழைய இடத்திலேயே டெஸ்டரைச் சரிபார்க்க வேண்டும். கடைசிப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். நடுவில் டெஸ்டர் செத்துப்போயிருந்தாலும் அது காட்டும் விடை, மின்சாரம் இல்லாத கம்பியில் காட்டும் விடையைப் போலவேதான் இருக்கும். தொடாமலே உணரும் பேனா டெஸ்டரை நம்பி யாரும் கைவைக்கக் கூடாது. அது இருக்கிறது என்று காட்டினால் நம்பலாம், இல்லை என்று காட்டினால் நம்பக் கூடாது.

பேனல் பக்கம் எழுதியது:

இதனோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ் பெட்டிகளில், அணைத்த பிறகும் உள்ளேயுள்ள மின்தேக்கிகளில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் சில நிமிடங்கள் தங்கியிருக்கும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பதை மூடியின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். சூரியத் தகடுகளின் கேபிளோ வெளிச்சம் இருக்கும்வரை உயிரோடுதான் இருக்கும். அதை அணைக்கும் பொத்தான் வானத்தில்தான் இருக்கிறது. நேர்மின்னோட்டம் என்பதால் அதில் தோன்றும் தீப்பொறி எளிதில் அறுபடாது. 50 சுழற்சி மாறுமின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூச்சியத்தைத் தொடுவதால் பொறி தானே அணைய வாய்ப்புண்டு. நேர்மின்னோட்டத்தில் அந்த வாய்ப்பு இல்லை.

குறுக்குவழி எழுதியது:

இவ்வளவு பேச்சு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. காணொளிகளைப் பார்த்து வயரிங் கற்றுக்கொண்டு நேரடியாகத் தொழிலில் இறங்கியவர்கள் எத்தனையோ பேர் உள்ளனர். நான்கு ஆண்டு குறைந்த தொகைக்கு உழைப்பதைவிட, அதே காலத்தில் ஒரு பட்டம் வாங்கிவிடலாம்.

வரைபட மேசை எழுதியது:

நான் பட்டம் வாங்கி மின்வடிவமைப்பில் இருப்பவன். எனவே இதற்கு நானே பதில் சொல்கிறேன். பட்டமும் பழகுநர் பயிற்சியும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல. பயிற்சி முடித்து, உரிமம் பெற்று, அதன் பிறகு பகுதிநேரமாகப் படித்து என் மேசைக்கு வந்தவர்கள் வரையும் வரைபடங்களைத் தளத்தில் உள்ளவர்கள் திட்டுவதில்லை. என் முதல் வரைபடங்களைத் திட்டினார்கள், அதுவும் நியாயமாகவே: கேபிள் வளையவே முடியாத மூலையில் பெட்டியை வைத்திருந்தேன். காணொளி வழியைப் பொறுத்தவரை, உரிமமில்லாமல் வயரிங் செய்வது பல நாடுகளில் சட்டத்துக்குப் புறம்பானது. அதனால்தான் பயிற்சிக் காலமும் நீளமாக இருக்கிறது. ஜெர்மனியில் மூன்றரை ஆண்டுகள், வேறு பல நாடுகளில் நான்கு. உங்கள் நாட்டில் உரிமத் தேர்வை எழுத எத்தனை மணி நேரப் பணியனுபவம் கேட்கிறார்கள், அதில் எந்தெந்த வகைப் பணி இருக்க வேண்டும் என்பதை இன்றைக்கே உரிமம் வழங்கும் அமைப்பிடம் விசாரியுங்கள்.

கணிதத்துக்கு வருகிறேன். உங்களுக்குத் தேவைப்படுவது சூத்திரத்தை இடம்மாற்றுவது, பின்னம், விழுக்காடு, வர்க்கமூலம், செங்கோண முக்கோணம் ஆகியவை; மூன்று பேஸ் கணக்குக்கு 1.732 என்ற எண்ணோடு நட்பாகிவிட வேண்டும், 230ஐ அதனால் பெருக்கினால் 400 வோல்ட்டுக்கு ஏறக்குறைய வருவதைக் காண்பீர்கள். ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியின் தடை 20 பாகையில் கிலோமீட்டருக்கு 7.41 ஓம். 30 மீட்டர் தொலைவில் உள்ள கருவிக்கு மின்னோட்டம் போய்த் திரும்ப 60 மீட்டர் கம்பி வேண்டும். அதன் தடை ஏறத்தாழ 0.44 ஓம். 16 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 7 வோல்ட் தொலைந்துபோகும், அதாவது 230 வோல்ட்டில் 3 விழுக்காடு. கம்பி 70 பாகைக்குச் சூடேறினால் தடை ஐந்தில் ஒரு பங்கு கூடி, இழப்பும் எட்டரை வோல்ட் ஆகிவிடும். இப்போது அந்தக் கருவியை இன்னும் 20 மீட்டர் தள்ளி வைக்கச் சொல்லி வாடிக்கையாளர் கேட்டால் என்ன செய்வீர்கள் என்பதுதான் வகுப்பில் கேட்கப்படும் கேள்வி. இருப்புக் கணக்கைவிட இது கடினமல்ல.

ஓரமாய் நிற்பவர் எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் சிறிது குறை உண்டு. இந்தப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கவே கூடாதா?

பழைய மெகர் எழுதியது:

சேரும் முன் பல நிறுவனங்கள் நிறப்பார்வைச் சோதனை வைக்கின்றன. குறையின் அளவைப் பொறுத்து முடிவு மாறும், ஆகவே மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நிறத்தை மட்டும் நம்பி எவரும் வேலை செய்யக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன். பழைய முறையில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ்கள், கருப்பு நியூட்ரல். புதிய பன்னாட்டு முறையில் பழுப்பு, கருப்பு, சாம்பல் மூன்றும் பேஸ்கள், நீலம் நியூட்ரல். ஒரே கட்டடத்தில் இரண்டு காலத்து வயரிங்கும் இருந்தால், நல்ல பார்வை உள்ளவர்தான் முதலில் ஏமாறுவார்.

தொடக்கப்புள்ளி எழுதியது:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். இரண்டு இடங்களுக்கும் நேரில் போய், சோதிப்பவர் யார் என்ற கேள்வியைக் கேட்டேன். பேனல் நிறுவனத்தில் என்னை அழைத்துச் சென்றவர் மிக மரியாதையாகப் பேசினார். பயிற்சிக்கூடமும் சிறப்பாக இருந்தது. ஆனால் சோதனை தனிப் பிரிவின் வேலை என்றும், பழகுநர்கள் அங்கே போவதில்லை என்றும் சொன்னார். தளத்துக்கு அனுப்பும் காலத்தை எழுத்தில் தர முடியாது என்றார்.

சிறிய நிறுவனத்தின் உரிமையாளர் என் கேள்விக்கு வாயால் பதில் சொல்லவில்லை. அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். இப்போது இரண்டாம் ஆண்டில் இருக்கும் பழகுநர் தம் கையெழுத்தில் நிரப்பிய சோதனைப் படிவங்கள் அதில் இருந்தன. பக்கத்திலேயே உரிமையாளர் சிவப்பு மையால் திருத்தியிருந்தார். ஒரு படிவத்தில் காப்புத் தடைக்கு நேராக "மங்கல் சுவிட்சைக் கழற்றாமல் அளந்தாயா?" என்று எழுதியிருந்தது. அதன் பொருள் எனக்கு அன்று புரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்த பிறகே, விளக்கின் ஒளியைக் குறைக்கும் டிம்மரைத்தான் அப்படி எழுதியிருக்கிறார் என்பதும், 500 வோல்ட் கொடுத்தால் அதன் உள்ளிருக்கும் மின்னணு உறுப்புகள் கெடக்கூடும் என்பதும் புரிந்தது. உதவித்தொகை குறைவுதான், செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்து, முதல் ஆண்டைச் சமாளிக்கலாம் என்று தெரிந்ததால் அங்கேயே சேர ஒப்புக்கொண்டேன். கருவிகளில் எதை முதலில் வாங்குவது என்பதை மட்டும் சொல்லுங்கள்.

பேனல் பக்கம் எழுதியது:

எங்கள் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கவில்லையே என்ற வருத்தம் இருந்தாலும், அந்தக் கோப்பைப் பார்த்திருந்தால் நானும் அங்கேதான் சேர்ந்திருப்பேன். பயிற்சி முடிந்ததும் மோட்டார் கட்டுப்பாட்டில் ஓராண்டு பழகிக்கொள்ளுங்கள்.

பழைய மெகர் எழுதியது:

கருவிகளை மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள். உங்கள் உரிமையாளர் எதைத் தருவார் என்று முதலில் கேளுங்கள். 1000 வோல்ட் குறியிட்ட காப்புத் திருப்புளிகள், ஒரு கொறடு, வயர் உரிப்பான், தரமான இருமுனை டெஸ்டர் ஆகியவை முதல் மூன்று மாதங்களுக்குப் போதும். ஒரு தடித்த குறிப்பேடும் வாங்குங்கள். எந்தத் தேதியில் எந்த வேலையைச் செய்தீர்கள், அளந்தபோது என்ன எண் வந்தது, யார் உடனிருந்தார் என்பதை அன்றன்று மாலையே எழுதி, வாரக் கடைசியில் அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். உரிமத் தேர்வுக்கு முந்தைய மாதத்தில் நான்காண்டை நினைவிலிருந்து எழுத உட்கார்ந்தவர்களின் பதிவேட்டைத் தேர்வாளர் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

மூன்றாம் ஆண்டு எழுதியது:

மல்டிமீட்டர் வாங்கினால், மின்னோட்டத்தை அளந்து முடித்தவுடன் சிவப்புக் கம்பியை ஆம்பியர் துளையிலிருந்து பிடுங்கி வோல்ட் துளைக்கு மாற்றிவிட்டுத்தான் மீட்டரைக் கீழே வைக்க வேண்டும். அதை மறந்து, அப்படியே மின்னழுத்தம் அளக்கப் போனால், பேஸையும் நியூட்ரலையும் நீங்களே நேராக இணைப்பதாகிவிடும். எங்கள் வகுப்பில் இதுவரை மூன்று மீட்டர்கள் அப்படிப் போயிருக்கின்றன; அவற்றுள் ஒன்று என்னுடையது.